அகர வரிசையில் ஒரு மளிகைக்கடை

“‘ஊரே பாக்குது, மாநகராட்சிக் கடை மேனேஜர் பெண்டாட்டி மூலைக்கடை வாசல்ல பருப்புக்கு நிக்கிறா’ன்னு சொன்னீங்க இல்ல? இன்னொரு தடவை சொல்லுங்க. ஊர்னா யார் யாரு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, நான் எண்ணிக்கறேன்.”

மேனேஜர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. இருந்தாலும் திரும்ப மனமில்லாமல் மாட்டிக்கொண்டே இருந்தார்.

“பொதுவா சொன்னேன்மா.”

“பொதுவா சொல்றதுக்கு நான் என்ன வார்டு கூட்டமா? மூஞ்சியைப் பாத்து சொல்லுங்க.”

“நம்ம வீட்டுலயே நம்ம கடையில வாங்கலைன்னா மத்தவங்க எப்படி வாங்குவாங்க?”

“மத்தவங்க ஏன் வாங்கலைன்னு அவங்களைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமே இல்லை. எழுதிக்கொள்வதுதான் வழக்கம்.

பத்தொன்பது வருஷம் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் அவர். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. தெருவில் அவருக்கு ‘ஜனன மரணம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, “ஜனன மரணம் சார் வந்துட்டார், இலை போடுங்க” என்பார்கள். மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அப்போதுதான் மாநகராட்சி சொந்தமாக ஒரு மளிகைக்கடை நடத்திப் பார்ப்பது என்று தீர்மானித்தது. மூன்று மாதம் சோதனை. கடைசியில் மாமன்றம் கூடி ஓட்டெடுக்கும். நடத்த யார் வருகிறீர்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது அலுவலகமே தலையைக் குனிந்துகொண்டது. இவர் ஒருவர்தான் கையைத் தூக்கினார். கடை ஜெயித்தால் மேனேஜர். தோற்றால் பழைய அடித்தளம், பழைய பெயர்.

ஆகவே அவர் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மனைவி மூலைக்கடையில் நின்றதைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா, நானும் நியாயத்தைத்தான் கேக்கறேன். மூலைக்கடைக்காரன் மழை பெஞ்சா விலை ஏத்தறான். வெயில் அடிச்சாலும் ஏத்தறான். கேட்டா லாரி வரலைங்கறான். ஜனங்களுக்குன்னு ஒரு கடை இருந்தா வாலைச் சுருட்டிக்கிட்டு இருப்பானா மாட்டானா?”

“இருப்பான். நான் இல்லைன்னு சொன்னேனா?”

“பின்ன என்ன?”

“தெருவிளக்குக்கு ஒரு பல்பு மாத்த எட்டு மாசம் எடுத்துக்கிட்டவங்க நீங்க. எனக்கு நேரத்துக்குப் பருப்பு குடுத்துடுவீங்களா?”

“விளக்கு வேற டிபார்ட்மென்ட்.”

“இருட்டு ஒண்ணுதானே?”

மேனேஜர் மறுபடியும் ஆணியில் சட்டையை மாட்டப் போனார்.

உண்மையைச் சொல்லப்போனால், கடை திறந்த அன்று முதல் ஆளாகப் போனவளே அவள்தான். புதுப் புடவை கட்டிக்கொண்டு, பெருமையாகத்தான் போனாள். கம்பி போட்ட கவுன்ட்டர். நடுவில் அரைவட்ட ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் புருஷன். முன்னே நீளமான பதிவேடு.

“பெயர்?” என்றார் புருஷன், நிமிராமல்.

சொன்னாள்.

“கணவர் பெயர்?”

அவள் குனிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். “இப்பவே சொல்லணுமா, யோசிச்சுச் சொல்லலாமா?” என்றாள்.

“வரிசை நிக்குதும்மா. சீக்கிரம்.”

பின்னால் நின்ற வரிசை சிரித்த சிரிப்பில் கவுன்ட்டர் கம்பி அதிர்ந்தது. அவள் நேரே மூலைக்கடைக்குப் போனாள். மூலைக்கடைக்காரர் புருஷன் பெயரைக் கேட்கவில்லை. “வாங்கம்மா, போன வாரம் வாங்கினது வெந்துச்சா?” என்று பருப்பைப் பற்றித்தான் கேட்டார். அதோடு சரி.

அடுத்தது அந்த அகர வரிசை. பதிவுப் பிரிவில் பெயர்களெல்லாம் அகர வரிசையில்தான் இருக்கும். எனவே கடையிலும் சாமான்களை அகர வரிசையில் அடுக்கினார். அரிசிக்கு அடுத்தது அரைக்கால்சட்டை. உப்பு, உளுந்து, ஊசி, ஊதுவத்தி. சீரகத்துக்குப் பக்கத்தில் சோப்பு. அதனால் சீரகம் குளித்துவிட்டு வந்த மாதிரி மணத்தது. சர்க்கரைக்கு அடுத்து சலவைத்தூள். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் ஒரே கரண்டி.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் ஒருநாள் டீ நுரைத்தது. நல்ல பால் என்று முதலில் சந்தோஷப்பட்டார்களாம். குடித்த பிறகு அரை நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குமிழி வந்தது.

தையல்காரம்மா சண்டைக்கு வந்தபோது மேனேஜர் ஓட்டை வழியாக ஒரு காகிதத்தை நீட்டினார். “புகாரா? மூணு பிரதி வேணும்.”

காலை பத்து மணிக்குத் திறப்பு. ஒன்றிலிருந்து இரண்டு உணவு இடைவேளை. ஐந்துக்கு மூடல், ஞாயிறு விடுமுறை. அடுப்படியில் காலை ஆறரைக்கு உப்பு தீர்ந்தால், பத்து மணி வரை உப்பில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்றாம் மாத நடுவில் கடைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது ஒரு பூனை மட்டுமே. அதன் கணவர் பெயர் பதிவேட்டில் இல்லை.

அந்த நேரத்தில்தான் மேலிடத்துக் கடிதம் வந்தது. பத்து நாளில் மாமன்ற உறுப்பினர்கள் நேரில் பார்வையிட வருகிறார்கள். பார்த்த கையோடு ஓட்டு. வருகிறவர்களில் ஒருவர் குப்பைக் கவுன்சிலர். எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து நின்று, “முதல்ல குப்பையை அள்ளுங்க” என்பார். அதனால் அந்தப் பெயர். கடையை மூடுவேன் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மூளையில் மின்னல் வெட்டியது.

ஒரு குழு. ‘வாடிக்கையாளர் ஆலோசனைக் குழு.’ காகிதத்தில் பார்க்க எவ்வளவு அழகு. தலைவராக மனைவி. விதிமுறைகளில் நான்காவதாக ஒரு வரி: ‘குழுவினர் தங்கள் வீட்டு மளிகையை மாநகராட்சிக் கடையில் மட்டுமே வாங்குதல் வேண்டும்.’ கையெழுத்துப் போட்டாள் என்றால் தீர்ந்தது. கவுன்சிலர்களுக்கும் காட்டலாம், பெண்டாட்டியையும் கட்டலாம். ஒரே காகிதம், இரண்டு வேலை. மீதி விதிகளை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் கையேட்டிலிருந்து அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். நாலாவது தவிர வேறு எதையும் படிக்கக்கூட இல்லை.

சாயங்காலம் குழைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

“உன்னைத் தலைவராப் போட்டிருக்கேன்மா.”

“எதுக்கு?”

“கடைக்கு. கௌரவப் பதவி. இங்க ஒரு கையெழுத்து.”

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள். அங்கே கடைசி வரி வரைக்கும் படிக்காமல் எதையும் கீழே வைக்க விடமாட்டார்கள். மேனேஜர் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஏழு தடவை நடந்தார். அவள் படித்துக்கொண்டே இருந்தாள்.

“நாலாவது விதி நல்லா இருக்கு,” என்றாள்.

மேனேஜர் நடையை நிறுத்தினார். “அது ஒரு... சம்பிரதாயம்.”

“பதினோராவதும் நல்லா இருக்கு. ‘குழு எடுக்கும் தீர்மானம் மேலாளரைக் கட்டுப்படுத்தும்.’”

“அது சும்மா கிடக்குற வரி. இந்த ஊர்ல எந்தக் கமிட்டிம்மா கூடியிருக்கு? எல்லாம் பேப்பர்லயே இருக்கும்.”

“அப்ப கூடவே மாட்டோம்கறீங்க.”

“சத்தியமா.”

அவள் கையெழுத்துப் போட்டாள். அத்தனை சுலபமாகப் போட்டாள். மேனேஜர் அன்றைக்கு, கடை திறந்த பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார். மூலைக்கடைப் பக்கம் பார்த்து மீசையை முறுக்கப் போனார். மீசை இல்லாததால் உதட்டை முறுக்கினார்.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் அடுப்படியில் ஆள் இல்லை. தெருவில் பேச்சுச் சத்தம். வாயில் பல் விளக்கும் பிரஷ்ஷோடு ஓடினார். கடைப் படிக்கட்டில் பதினோரு பெண்கள். நடுவில் அவர் மனைவி, மடியில் நோட்டுப்புத்தகம்.

“மேனேஜர் வந்துட்டார். கதவைத் திறங்க,” என்றாள்.

“இன்னும் மணி பத்து ஆகலையே.”

“முதல் தீர்மானம். கடை ஆறரைக்குத் திறக்கணும். யாராவது வேணாம்கறீங்களா?”

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. மேனேஜர் சொல்ல முயன்றார். பிரஷ் இடித்தது.

“ரெண்டாவது, அந்தக் கம்பியைக் கழட்டுங்க. போன மாசம் துடைப்பம் வாங்க வந்தேன். ஓட்டையில நுழையலை,” என்றாள் தையல்காரம்மா. “மூணாவது, சர்க்கரைக்கு ஒரு கரண்டி, சலவைத்தூளுக்கு ஒரு கரண்டி. இதை நான் கையில அடிச்சு சத்தியம் பண்ணி கேக்கறேன்.”

“நாலாவது, புருஷன் பேரைக் கேக்கக் கூடாது,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

“அடுக்கறதை நாங்க சொல்ற மாதிரி அடுக்கணும்,” என்றாள் மனைவி. “காலையில தீந்துபோற சாமான் எல்லாம் ஒரு பக்கம். திடீர்னு விருந்தாளி வந்தா வேணுங்கறது ஒரு பக்கம். உடம்பு சரியில்லாதவங்களுக்கு ஒரு பக்கம்.”

மேனேஜர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். “டீத்தூளும் சர்க்கரையும் வேற வேற எழுத்தும்மா. பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒழுங்கே கெட்டுடும்.”

“டம்ளருக்குள்ள போறப்ப பக்கத்துலதானே போகுது?”

பதினோரு பெண்களும் சிரித்தார்கள். மேனேஜர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“சரி. எல்லாம் சரி. ஆனா நாலாவது விதி இருக்கு. இனிமே நீ மூலைக்கடைக்குப் போகக் கூடாது. நீயே கையெழுத்துப் போட்டிருக்க.”

“அதுக்குத்தான் ஆறாவது தீர்மானம். ‘விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தலைவர் வாரம் இருமுறை மூலைக்கடையில் சாமான் வாங்குவார்.’ கை தூக்குங்க.”

பன்னிரண்டு கைகள். தலைவரும் தூக்கினாள்.

“அப்ப என் நாலாவது விதி?”

“பதினோராவது அதை முழுங்கிடுச்சுங்க. போய் வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க, கூட்டம் வருது.”

கூட்டம் வந்தது. அன்றைக்கே வந்தது. மூன்றாம் நாள் வரிசை தெருமுனை வரை நீண்டது. மேனேஜர் பொட்டலம் கட்டிக் கட்டி விரல் சிவந்தார். யாரிடமும் எதையும் கேட்டு எழுதாமல் சாமான் கொடுப்பது முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு இனித்தது. “என்ன மேனேஜர், பயறு புதுசா?” என்று கேட்டார்கள். மேனேஜர் என்றுதான் கேட்டார்கள். அவர் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்த்தூள் என்று சொன்னார்.

மூலைக்கடைக்காரரும் விலையை இறக்கினார். ஒருநாள் இவரிடமே வந்து குறைப்பட்டுக்கொண்டார். “சார், உங்க வீட்டம்மா நோட்டுப்புத்தகத்தோட வர்றாங்க. முன்னெல்லாம் பருப்பைப் பாப்பாங்க. இப்ப என்னைப் பாக்கறாங்க.”

“பழகிடும்,” என்றார் மேனேஜர், அனுபவஸ்தர் குரலில்.

கடிதத்தில் சொன்னபடி பத்தாம் நாள் உறுப்பினர்கள் வந்தார்கள். குப்பைக் கவுன்சிலர் கடையைச் சுற்றிப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்காததால் கோபமாகிவிட்டார்.

“ரோடு, தண்ணி, குப்பை, இதுதான் மாநகராட்சி வேலை. மளிகை வியாபாரம் எதுக்கு? தனியார்காரங்க நடத்தலையா? நாளைக்கு நஷ்டம் வந்தா யார் தலையில விடியும்?”

தன் வாழ்க்கையே அந்தக் கேள்வியில் தொங்குகிறது என்று தெரிந்தும் மேனேஜர் பொட்டலம் கட்டுகிற நூலையே பிரித்துக்கொண்டிருந்தார். மனைவி முன்னால் வந்தாள்.

“ஐயா, தண்ணி நீங்கதானே விடறீங்க?”

“ஆமா.”

“ஒழுங்கா வருதா?”

“அது... கோடையில கொஞ்சம்...”

“வராதப்ப நாங்க என்ன பண்றோம்?”

“என் வீட்டு வாசல்ல வந்து கத்தறீங்க.”

“கத்தினா வருதா இல்லையா?”

“வருது.”

“மூலைக்கடையில விலை ஏறினா நான் கத்த முடியாது. அது அவர் கடை. ‘பிடிக்கலைன்னா வேற எடம் பாருங்க’ம்பார். வேற எடம் இருந்தாத்தானே பாக்கறதுக்கு? இது எங்க கடை. நஷ்டம் வந்தா எங்க தலையிலதான் விடியும், அதான் நாங்க வாரம் ஒருதரம் உக்காந்து கணக்குக் கேக்கறோம். நல்லா நடந்தா வாங்குவோம். நடக்கலைன்னா கத்துவோம். நீங்க திறந்து மட்டும் வெச்சிருங்க.”

குப்பைக் கவுன்சிலர் தலையைச் சொறிந்தார். பழக்க தோஷத்தில், “முதல்ல குப்பையை...” என்று ஆரம்பித்தார்.

“வாசல்ல ரெண்டு டப்பா வெச்சிருக்கோம். வண்டியை நீங்க அனுப்புங்க.”

அவர் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆதரவாகவே ஓட்டும் போட்டார்.

கடை நிரந்தரமானது. உத்தரவு கையில் கிடைத்ததும் மேனேஜர் தெரு முழுக்கத் தலைகால் தெரியாமல் ஓடினார். தையல்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினார். மூலைக்கடைக்காரருக்குப் படித்துக் காட்டினார். பூனைக்கும் படித்துக் காட்டியிருப்பார், அது காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குள் கூடியிருந்த குழுவின் நடுவில் போய் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமி, உத்தரவை உரக்க வாசித்தார்.

“‘கடை நிரந்தரமாக்கப்படுகிறது. தற்போதைய மேலாளரே மேலாளராக நியமிக்கப்படுகிறார்.’”

கைதட்டினார்கள். மனைவிதான் பலமாகத் தட்டினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கே, அதையும் படிங்க,” என்றாள்.

“‘மேலாளரின் பணி நேரம், விடுப்பு, இடமாற்றம் ஆகிய அனைத்தும்...’” குரல் இறங்கியது. “‘...வாடிக்கையாளர் குழுவின் முடிவுக்கு உட்பட்டவை.’”

தையல்காரம்மா நூலைக் கடிப்பதுபோல் சிரிப்பைக் கடித்துக்கொண்டாள்.

“நல்லது. அடுத்த விஷயம்,” என்றாள் தலைவர். “ஞாயித்துக்கிழமையும் கடை திறக்கறதா போன வாரம் தீர்மானிச்சோம். இப்ப துடைப்பம். நீளக் காம்பா, குட்டைக் காம்பா?”

பேச்சு சூடு பிடித்தது. நீளக் காம்புக்கு ஆறு பேர், குட்டைக் காம்புக்கு ஐந்து பேர். மேனேஜருக்கு உட்கார நாற்காலி இல்லை. அரிசி மூட்டையோரம் நின்றபடி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒரு விரலைத் தூக்கினார்.

“தலைவர் அவர்களே, ஞாயித்துக்கிழமை முழுக்க வேணாம். மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் எனக்கு லீவு குடுத்தா போதும்...”