கிணற்றில் கிடக்கும் இளவரசியும் குன்னூர்ப் பயணமும்

கோவில்பட்டி,
6-5-97

என் நீண்ட கடிதங்களைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கும் ஒரே மனிதரான மாப்பிள்ளை பாலகணேஷ் அவர்களுக்கு, மாமனார் நந்தகோபால் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். அங்கு நீங்களும் ஜெயப்பிரியாவும் சம்பந்தி அம்மாளும் நலமாயிருக்க செண்பகவல்லித் தாய் துணையிருப்பாளாக. இங்கத்திய வெயிலைப் பற்றி நாலு வரி எழுதலாம். ஆனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசிக்கிறவருக்கு அது ஏறாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ரயிலேறி வருவதாகச் சொன்ன நாங்கள் வர இயலாமல் போவதற்கு முழுக் காரணமும் உங்கள் மனைவிதான். "அம்மா, இங்கே ஒரு வேலையும் கிடையாது, பிடித்த புத்தகம் ஒன்றிரண்டு எடுத்து வா, ஜன்னலோரம் உட்கார்ந்து ஆசைதீர வாசி" என்று அவள் எழுதினாளே, அதுவரை மூட்டை கட்டும் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. உங்கள் மாமியார் கல்யாணசுந்தரி வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, ஒரு பீரோ நிறைய வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் எதை எடுப்பது என்று ஆரம்பித்தது வினை. முதலில் ஒரு சோகக் கதையை எடுத்தாள். "மக வீட்டுல போய் உக்காந்து அழுதா, மாப்பிள்ளை என்ன நெனைப்பாக?" என்று அவளே திரும்ப வைத்தாள். அடுத்தது பேய்க் கதை. மலையும் பனியுமாக இருக்கும் ஊரில் அதை வாசித்தால் ராத்திரி பாத்ரூமுக்குத் துணை யார் வருவது என்றாள். அடுத்ததில் மாமியார் கொடுமைக்காரி. சம்பந்தி அம்மாள் கண்ணில் பட்டால் குடும்பத்துக்குள் வருத்தம் வரும். அதற்கடுத்த கதையில் வில்லனே மாப்பிள்ளைதான். அதை நானே பிடுங்கி மேல் தட்டில் போட்டேன். இப்படிக் கழித்துக் கழித்து, யார் மனசையும் நோகடிக்காத கதை என்று மிஞ்சியது ஒரே ஒரு அரண்மனைக் கதை. நாலு பாகம். சரி, விட்டது தொல்லை என்று நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஆனால் அந்தக் கதை எங்கள் தீப்பெட்டி ஆபீசில் பாதியில் நிற்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். நம் ஆபீஸ் ரேடியோ என்றைக்கோ ரிப்பேர் ஆனதிலிருந்து, மத்தியானத்தில் பெண்கள் பெட்டியில் குச்சி அடைக்கும்போது கல்யாணசுந்தரி உட்கார்ந்து கதை வாசிப்பது வழக்கம். வேலை கெடுகிறது என்று நானும் கத்தாத நாளில்லை. புத்தகம் குன்னூருக்குப் போகிறது என்று தெரிந்ததும் பெருமாயி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பெட்டி அடைக்கிற கைகளில் அவள் கைதான் வேகம், வாயும் அப்படியே. "ஏம்மா, எளவரசி கெணத்துக்குள்ள கெடக்கா. தள்ளிவிட்டது ஆருன்னுகூடத் தெரியல. அவள அங்கன விட்டுட்டு நீங்க மலைக்குப் போறியளாக்கும்?" என்று கேட்டாள். லேபிள் ஒட்டும் சத்தியபாமா பிளஸ் டூ படித்தவளாயிற்றே, அவள் வாசிக்கட்டும் என்று நான் யோசனை சொன்னேன். அவள் ஒரு பக்கம் வாசித்தாள். இளவரசி கதறுகிற இடத்தை ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி வாசித்ததால் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

கிளம்புவதற்குள் கதையை முடித்துவிடுவது என்று கல்யாணசுந்தரி வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். காலையில் விளக்கேற்றியதும் வாசிக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை வாசிப்பு. இளவரசியைக் காப்பாற்றக் கயிறு இறங்கிய இடத்தில் அத்தனை பேரும் கதையிலேயே கண்ணாக இருந்து, குச்சி வைக்காமலே பெட்டியை மூடியிருக்கிறார்கள். சத்தியபாமா அதற்கு லேபிளும் ஒட்டிவிட்டாள். நேற்றுக் காலை கடைக்காரர் செண்பகராஜ் ஒரு பண்டலைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, பெட்டியெல்லாம் ஜோராத்தான் இருக்கு. குச்சிய தனியா வாங்கணுமோ?" என்று கேட்டபோது எனக்கு மானம் போயிற்று. கயிறும் பாதியில் அறுந்து, இளவரசி மறுபடி கிணற்றுக்குள் விழுந்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் மேலே, நேற்று மாலை கல்யாணசுந்தரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வருகிறது. இன்னும் ஒரு பாகம் முழுதாக இருக்கிறது. "நான் வரல. அவளுகள ஏங்க விட்டுட்டு வந்தா எனக்கு அங்க சோறு எறங்காது" என்று சைகையும் காற்றுமாகச் சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு பாவமாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர் விசேஷம் தவிர அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. இந்தப் பயணத்துக்காக ஸ்வெட்டர் வாங்கி, இந்த வெயிலில் கண்ணாடி முன் போட்டும் பார்த்தாள். ஜெயப்பிரியா வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பாள், அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டிக்கெட்டை நாளை ரத்து செய்துவிடுகிறேன்.

நீங்கள் இருவரும் சகல சௌபாக்கியத்துடனும், சளி காய்ச்சல் இல்லாமலும் நீடூழி வாழ்க. சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்,
நந்தகோபால்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கவரை ஒட்டுவதற்கு முன், "உங்களால்தான் அம்மா மகள் வீட்டுக்குப் போகவில்லை" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வர ஆபீசுக்குப் போனேன். கேட்டுவிட்டுப் பெருமாயி, "அப்ப நீங்க வாசிங்க மொதலாளி" என்றாள். வாசித்தேன். இளவரசி குரலில் பேசியபோது சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது, கேட்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பெருமாயியே வீட்டுக்கு வந்து, "மொதலாளி நல்லாத்தான் வாசிக்காக. நீங்க பிள்ளையப் பாத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே வெள்ளிக்கிழமை ரயிலில் உங்கள் மாமியார் மட்டும் வருகிறாள், ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். கடைசியில் எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். எம் மக பேசுறதக் கேட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள். நன்றாகப் பேசச் சொல்லுங்கள். ஆனால் சொன்ன தேதிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இளவரசிக்காகச் சொல்லவில்லை.