மீசைக் கொலைக்கு மூன்று கட்டங்கள்

செல்லமுத்து அன்று காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்டாட்டியை ஏமாற்றுவது. சும்மா இல்லை. உளவியல் முறைப்படி.

காரணம், மீசை.

கன்னத்தைத் தாண்டி மேலே ஏறி நிற்கும் மீசை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பர். ஒரு நிமிஷம் பிந்தி வண்டி எடுத்த டிரைவரை அவர் திட்டியதே இல்லை. மீசையைத் தடவுவார். அவ்வளவுதான். மறுநாள் அந்த டிரைவர் அரைமணி முன்னாலேயே வந்து ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரிட்டயராகி கந்தர்வக்கோட்டை வீட்டில் வந்து அடைந்த பிறகு அவரிடம் மிஞ்சிய அதிகாரம் அது ஒன்றுதான். தலைமுடி நாற்பது வயதிலேயே விடைபெற்றுக்கொண்டது.

அந்த மீசையைத்தான் அவர் மனைவி அடைக்கலமேரி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள்.

போன வருஷம் செல்லமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி. உள்ளே அவர், வெளியே மேரி. வராந்தாவில் முழங்காலில் நின்றாள். எல்லாரும் மொட்டை போடுவதாகத்தான் நேர்வார்கள். இவர் தலையில் மாதாவுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தாள். கொடுக்கும்படியாக அந்த உடம்பில் இருந்தது ஒன்றே ஒன்று. "தாயே, இவரத் திருப்பிக் குடு. இவரு மீசைய ஒனக்குத் தாரேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "வாயுதாம்மா" என்றார்.

ஒரு வருஷமாக வீட்டில் இதே வழக்கு.

"வாயுவுக்கு எதுக்குடி மீசை? ஒரு துண்டு இஞ்சி போதுமே."

"வந்தது நெஞ்சுவலிதான். மாதாதான் அத வாயுவா மாத்துனா."

"நேந்தது நீ. ஒன் முடியக் குடு."

"நேந்ததத்தானே குடுக்கணும்? என் முடிய நேரலையே."

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"மூக்குல குழாய மாட்டிக்கிட்டுக் கெடந்தீங்க. எப்புடிக் கேக்குறது?"

"முடியாது."

"செப்டம்பர் எட்டு மாதா திருநாளு. அதுக்குள்ள குடுத்தாகணும். சொல்லிட்டேன்."

இப்போது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. செல்லமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்தார். கிணற்றுக்கும் வாசலுக்கும் நடந்தார். நடுவே கண்ணாடியில் மீசையைப் பார்த்தார். அது இருந்தது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் கார்முகில்.

கார்முகில் என்பது ஓர் எழுத்தாளர். ஆளை யாரும் பார்த்ததில்லை. செல்போனில் கதை படிக்கும் செயலி ஒன்றில் உளவியல் த்ரில்லர் எழுதுகிறவர். அதைச் செல்லமுத்துவுக்குப் பழக்கிவிட்டவன் பக்கத்து வீட்டு நல்லதம்பி. இப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர் 'மூன்றாவது தம்ளர்'. யாமினி என்று ஒருத்தி. வரிசையாகப் புருஷன்மார். முதலில் மயக்குவாள். பிறகு நம்பவைப்பாள். பிறகு பாயசம் கொடுப்பாள். மூன்றாவது தம்ளரில் ஆள் காலி. செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் நாலு மணிக்கு அத்தியாயம் வரும். நாலு மணி ஒரு நிமிஷம் ஆகிவிட்டால் செல்லமுத்துவின் கை தானாக மீசைக்குப் போகும்.

"மேரி, இந்தக் கார்முகில் லேசுப்பட்ட ஆளில்ல. பொம்பள மனசுக்குள்ள பூந்து பாத்துட்டு வந்து எழுதுறான்."

"அப்புடியா?" மேரி நிமிரவில்லை. அவளும் எந்நேரமும் செல்போனும் கையுமாகத்தான் இருந்தாள். கேட்டால் ஜெபமாலைக் குழு என்பாள்.

"ரெண்டாவது புருஷன் இருக்கானே, ஈரத் துண்ட மெத்தையில போடுறான். காப்பியில ஒரு வாய் மிச்சம் வச்சு ஈய விழவிடுறான். நேத்து மூணாவது தம்ளர்ல மயங்குனவனக் கெணத்துல தள்ளிட்டா."

"பாவம்."

"என்ன பாவம்? அந்த மாதிரி ஆளத் தள்ளாம என்ன செய்யிறது?"

ஈரத் துண்டை மெத்தையில் போட்டுவிட்டு, காப்பியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, செல்லமுத்து எழுந்து போனார். 'அவனுக்கு இது வேண்டும்' என்று அத்தியாயத்துக்கு அடியில் கருத்தும் போட்டார்.

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இத்தனை பேரை ஏமாற்றிய மூளை, மேரி ஒருத்தியை ஏமாற்றாதா? கார்முகிலுக்குத் தனிச்செய்தி அனுப்பினார்.

'ஐயா, வணக்கம். என் நண்பர் ஒருவருக்குச் சிக்கல். அவர் மனைவி அவர் மீசையை நேர்ந்துவிட்டார். தப்பிக்க வழி உண்டா?'

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

'எதற்கும் வழி உண்டு. மூன்று கட்டம். மயக்கு. நம்பவை. முடி. நண்பர் முதலில் இரண்டு வாரம் மனைவியை மயக்கட்டும். வீட்டு வேலை முழுவதையும் அவரே செய்யட்டும்.'

'முழுவதையுமா?'

'யாமினி அரைகுறையாக எதையும் செய்வதில்லை.'

செல்லமுத்து மறுநாள் விடிந்ததும் காப்பி போட்டார். வாசல் கூட்டினார். மீமிசலில் இருந்து ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வரும் பிச்சையிடம் சங்கரா மீன் வாங்கி, கிணற்றடியில் உட்கார்ந்து செதில் எடுத்தார். மேரி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது?"

"மீன் ஆயுறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"முப்பத்தோரு வருஷமா இருந்துச்சா? நான் கவனிக்கல."

"நீ போயி அங்கிட்டு ஒக்காரு. ஒனக்குப் பூ வாங்கியாந்திருக்கேன்."

"பூவா? யாரு செத்தா?"

மயக்குவது இவ்வளவு கஷ்டம் என்று கார்முகில் எழுதியதில்லை. செல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். மீன் முள் விரலில் ஏறியது. மீசையில் ஒரு செதில் ஒட்டியது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, மயக்கும் முறையில் சிரித்தார்.

"பல்லு வலிக்குதா?" என்றாள் மேரி.

பதினாலு நாள். பாத்திரம், துணி, தோசை மாவு, தேங்காய்த் துருவல். மேரி நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலைக் குழுவுக்கு ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தாள். இதில் செல்லமுத்துவுக்கு ஒரு லாபம் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டாக வந்த 'மூன்றாவது தம்ளர்' தினமும் வர ஆரம்பித்தது. சந்தோஷம் தாங்காமல் கேட்டார்.

'தினமும் எழுத எப்படி ஐயா நேரம் கிடைக்கிறது?'

'வீட்டு வேலைக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது.'

நல்ல ஆள் கிடைப்பது அபூர்வம், விட்டுவிடாதீர்கள் என்று செல்லமுத்து பதில் போட்டார்.

இரண்டாம் கட்டத்துக்குக் கார்முகில் ஒரு கேள்வி கேட்டார். 'நண்பரின் மனைவி குணம் எப்படி?'

'சந்தேகப் பிராணி. நான் சரி என்றால், அதாவது நண்பர் சரி என்றால், ஏன் சரி என்கிறாய் என்று கேட்கும் ஜாதி.'

'அதுதான் நம் ஆயுதம். நண்பர் முடியாது என்கிற வரைக்கும் அவர் விடமாட்டார். சம்மதிக்கச் சொல்லுங்கள். ஆசையோடு. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்து அவரே வேண்டாம் என்பார். கொலை செய்யப்படப் போவது மீசை அல்ல, நேர்த்திக்கடன்.'

செல்லமுத்து அந்த வரியை நாலு தரம் படித்தார். மூளை என்றால் இது மூளை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தார். "மேரி, யோசிச்சுப் பாத்தேன். மீசையக் குடுத்துருவோம்."

மேரி செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். "ஏன்?"

கேட்டாளா இல்லையா! செல்லமுத்துவின் நெஞ்சு குதித்தது. இந்தத் தடவை வாயு இல்லை.

"மாதா குடுத்த உசிரு. மீசை என்ன பெரிய மீசை? எப்படா செப்டம்பர் வரும்னு இருக்கு."

"ம்" என்றாள் மேரி. உள்ளே போய்விட்டாள்.

'சந்தேகம் வந்துவிட்டது ஐயா!'

'நல்லது. ஆனால் போதாது. ஊரறியச் சொல்லச் சொல்லுங்கள்.'

ஊரறியச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் நல்லதம்பி. அங்கேதான் கோட்டை விட்டார். நல்லதம்பி வைத்திருப்பது பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை.

"அண்ணே, இவ்வளவு பெரிய தியாகமா? நான் இருக்கேன்ணே!"

"பிளெக்ஸெல்லாம் வேணாம்ப்பா. வாயால சொன்னாப் போதும்."

"வாயால சொல்லுறதுக்கா மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன்?"

மறுநாள் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டடிக்கு எட்டடியில் செல்லமுத்து நின்றார். பக்கத்தில் ஒரு சிங்கம். மேலே மாதா. கீழே, 'முறுக்கிய மீசையைத் தாய்க்குத் தரும் எங்கள் அண்ணன்.' தஞ்சாவூர் வண்டி டிரைவர்கள் ஹாரன் அடித்து மரியாதை செய்துவிட்டுப் போனார்கள். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் பிளெஸ்ஸி போன் செய்தாள். "அப்பா, ஸ்டேட்டஸ்ல வச்சிட்டேன். எரநூறு பேரு பாத்துட்டாங்க. அழுகையா வருதுப்பா."

"எனக்குந்தாம்மா" என்றார் செல்லமுத்து. அதில் பொய் இல்லை.

அடுத்த ஞாயிறு பங்குச்சாமியார் பூசையில் அறிவித்தார். கோயில் முழுக்கக் கைதட்டல். பெண்கள் பக்கத்தில் இருந்த மேரி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், இதோ வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். வீட்டுக்கு வந்தவள் சொன்னது வேறு.

"வேனுக்குச் சொல்லியாச்சு. சொந்தக்காரவுக பதினெட்டு பேரு வாராக. பாக்கணுமாம்."

செல்லமுத்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கினார். மாடு விற்று வருஷம் அஞ்சாகிறது. கொட்டகை மட்டும் இருந்தது. அங்கே நின்று தட்டினார்.

'ஐயா, நண்பரின் மனைவி இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேன் பேசிவிட்டார். நண்பருக்குச் சோறு இறங்கவில்லை.'

'பயப்பட வேண்டாம். திருப்பம் எப்போதும் கடைசி வரியில்தான் வரும்.'

உண்மைதான். கார்முகில் கதையில் கடைசி வரிக்கு முன்னால் எதுவும் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் அவர் வேனில் ஏறினார். தஞ்சாவூர் தாண்டியது. மேரி ஜன்னலோரம் தூங்கினாள். நாகப்பட்டினம் தாண்டியது. மேரி வெள்ளரிப்பிஞ்சு தின்றாள். செல்லமுத்து மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். யாரும் பயப்படவில்லை.

மொட்டை போடும் இடத்தில் கூட்டம். பதினெட்டு பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்து வட்டமாக நின்றார்கள். செல்லமுத்துவின் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிய ஆள், அவர் தலையைப் பார்த்துவிட்டுத் திகைத்தார்.

"இதுல நான் எதையம்மா எடுக்குறது?"

"மேல பாக்காதீங்க, கீழ பாருங்க" என்றாள் மேரி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆள் தண்ணீரைத் தொட்டு மீசையை நனைத்தார். அது தொங்கியது. இருபத்தெட்டு வருஷ அதிகாரம் மழையில் நனைந்த கோழி மாதிரி உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"மேரி."

"என்ன?"

"நல்லா யோசிச்சுக்க. இது இல்லாத மூஞ்சிய நீ பாத்ததே இல்ல. பயந்துருவ. வேணாம்னா இப்பவே சொல்லிரு. மாதா தப்பா நெனைக்கமாட்டா."

மேரி கைப்பையை மடியில் நேராக வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த வராந்தாவுல ரெண்டு மணி நேரம் நின்னேன். அந்த மூஞ்சி வேணும்னுதான் கேட்டேன். மீசையோட வேணும்னு கேக்கல."

இதற்கு என்ன பதில் சொல்வது? செல்லமுத்துவுக்குத் தெரியவில்லை. கார்முகிலுக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்று கத்திக்காரரிடம் சொல்லிவிட்டு, துணிக்கு அடியில் செல்போனை எடுத்துத் தடவித் தடவித் தட்டினார்.

'ஐயா, கத்தியை எடுத்துவிட்டான். இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்பர் என்ன செய்வது? உடனே சொல்லவும்.'

அனுப்பினார்.

மேரியின் கைப்பைக்குள் மணி மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

செல்லமுத்து கைப்பையைப் பார்த்தார். அப்படி இருக்காது. ஜெபமாலைக் குழுவாக இருக்கும். ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் தட்டி மறுபடி அனுப்பினார்.

கைப்பைக்குள் மறுபடி மணி.

மேரி அவசரப்படவில்லை. பையைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சேலையில் துடைத்து மாட்டினாள். செல்போனை எடுத்துப் படித்தாள். ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினாள். கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துப் பையை மூடினாள்.

துணிக்கு அடியில் செல்லமுத்துவின் கை அதிர்ந்தது. கார்முகிலிடம் இருந்து பதில் வந்திருந்தது.

'நண்பரை ஆடாமல் உட்காரச் சொல்லுங்கள். கத்தி பட்டுவிடும்.'