வாசல் பைன் மரமும் நாற்பத்தைந்து மீட்டர் கயிறும்

ஓகாகி
டிசம்பர் 9

அன்புள்ள மச்சான் யசுஹிகோவுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் ஹிபினோ ஸோகிச்சி எழுதுவது. இபுகி மலைக் காற்று பல்லைக் கிட்டவைக்கும் இந்த நாட்களில் நீயும் உன் மனைவியும் சளி, இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா மித்சுயோ நலம். நானும் நலம். என் இரண்டு தொடைகளிலும் மட்டும் ஊதா நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடு இருக்கிறது, அதற்கு ஓரளவு நீயும் பொறுப்பு என்பதால் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வாசல் பைன் மரத்தில் மூன்று மணி நேரம் தொங்கிக்கொண்டிருந்ததாக யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அவளோடுதான் நான் தினமும் சாப்பிடுகிறேன். நான் தொங்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், புத்தாண்டுக்கு உறவுக்காரர்கள் கூடும்போது வேறு கதை கிளம்பினால் நீதான் மறுத்துப் பேச வேண்டும்.

பதினெட்டு வருஷமாக நம் பைன் மரத்தைக் கத்தரிக்கும் குராமோச்சியை உனக்குத் தெரியும். வருஷக் கடைசியில் வருவார், மூன்று கால் ஏணியைப் போடுவார், ஏறமாட்டார். கீழே நின்று சிகரெட் பிடித்தபடி மரத்தையே பார்ப்பார். பத்து மணிக்கு டீ, பிறகு மறுபடியும் பார்ப்பார். முப்பத்தாறு வருஷம் ரயில்வே நேர அட்டவணை அலுவலகத்தில் அரை நிமிஷத்துக்குக் கணக்குச் சொன்னவன் நான், இந்த வருஷம் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"குராமோச்சி, யோசிக்கிற நேரத்துல வெட்டியே முடிச்சிருக்கலாமே. நல்ல சாமான் கையில இருந்தா யார் வேணும்னாலும் செய்யற வேலைதானே இது?"

அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கத்தரிக்கோலைத் துடைத்து இடுப்பு உறையில் செருகினார், தொப்பியை எடுத்துக் குனிந்தார், "அப்படீன்னா ஐயாவே செஞ்சுக்குங்க" என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உன் அக்கா பின்னாலேயே வந்து, "இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க, ஆறிப்போனா கஷ்டம்" என்றாள். அந்த ஆள் வீட்டு வாசலில் இந்தத் தலை குனியாது என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் செய்த எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றத்தான்.

அப்போதுதான் நீ போன் செய்து, கிஃபுவில் மரவேலைச் சாமான் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது, பார்த்தாலே ஏறத் தோன்றும் என்றாய். போனேன். கடைக்கார அம்மாள் கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்து, "மரம் எத்தனை மீட்டர்?" என்று கேட்டாள். யசுஹிகோ, நம் மரம் நாலரை மீட்டர். ஆனால் என் முன்னால் நின்ற ஒருவர் இருபத்திரண்டு மீட்டர் தேவதாரு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், அதன் பிறகு நாலரை என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு வாய் வரும்? பதினைந்து என்றேன். அந்தப் பதினைந்து மீட்டருக்கு ஏற்றபடி எல்லாம் கொடுத்தாள். நாற்பத்தைந்து மீட்டர் கயிறு, முகத்துக்கு வலை வைத்த ஆரஞ்சு ஹெல்மெட், காலில் மாட்டும் இரும்பு முள், வளைந்த ரம்பம், ஆறு கொக்கிகள், இடுப்பையும் தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட். என் தொடையை அளந்துவிட்டு, "இந்த வயசுக்கு நல்ல தொடைங்க" என்றாள். அதற்காகவே இரண்டு கொக்கி கூட வாங்கினேன் என்பதை உன் அக்காவிடம் சொல்லாதே.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். போடுவது சுலபம், கழற்றும் முறை கையேட்டின் பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது, கையேடோ தரையில் கிடக்கிறது, பெல்ட் போட்டவனால் குனிய முடியாது. உன் அக்கா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் ஆரம்பித்துவிடுவாள். பெல்ட்டோடேயே சாப்பிட்டேன், ஒவ்வொரு வாய்க்கும் எட்டுக் கொக்கியும் கிணுகிணுத்தன. பார்சல்காரர் கையெழுத்துக்குப் பதிலாக வீட்டு முத்திரை வாங்க வந்தார். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"கஷ்டமான வேலை போலிருக்குங்க."

"ஆமா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க முடியவில்லை.

அடுத்தது துண்டு விஷயம். வீட்டில் வேலை நடந்தால் அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பதுதானே மரியாதை. கைரம்பத்தில் என்ன சத்தம் வரும் என்று உன் அக்கா கேட்டாள், சத்தம் வராது என்பதற்காக மரியாதையை விடுவதா? பன்னிரண்டு வீட்டுக்கும் வெள்ளைத் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மரம் கத்தரிக்கப் போகிறோம், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று குனிந்து கொடுத்தேன். எதிர்வீட்டு நெசு அம்மாள் துண்டைத் தடவிப் பார்த்து, "குராமோச்சிதான வர்றாரு?" என்றாள்.

"இல்லைங்க, நானே."

"அடடா!" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்கயும் போக வேணாம்!" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

ஞாயிறு ஒன்பதுக்குப் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் விளக்குமாறு. இலையே விழாத வீட்டுக்காரர்கள்கூடத் தார் ரோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை மேல் கிளையில் போட்டேன், கொக்கியை மாட்டினேன், படத்தில் போட்டிருந்த முடிச்சைப் போட்டேன், ஏறினேன். ஏறினேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஒரு கட்டத்தில் கால் வழுக்கியது, முடிச்சு இறுகிக்கொண்டது, அதன் பிறகு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நல்ல சாமான், சொன்ன வேலையைச் செய்கிறது, விழவே விடவில்லை.

இங்கேதான் நீ என் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பன்னிரண்டு பேர் ஓடிவருவார்கள். ஆனால் அது குராமோச்சி வீட்டுக்கு அரை மணியில் போய்ச் சேரும். அவர்களோ மரியாதைக்காரர்கள், மாட்டிக்கொண்டீர்களா என்று கேட்டால் எனக்கு அவமானம் என்று எண்ணி, ஒருவர் பின் ஒருவராக வந்து "நல்ல வெயிலுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் நல்ல வெயில்தான் என்றேன். சும்மா தொங்கினால் மாட்டிக்கொண்டவன், ரம்பம் ஓடினால் வேலைக்காரன். ஆகவே ரம்பத்தை ஓட்டினேன். யாராவது நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கைக்கு எட்டியதில் ஒன்றை வெட்டினேன். அன்று நிறையப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பத்து மணிக்கு உன் அக்கா தட்டில் டீயும் அரிசி பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். வேலைக்காரருக்கு வைக்கிற இடம் எதுவோ அங்கேதான் வைத்தாள், என் காலிலிருந்து ஆறு அடி தள்ளி.

"பத்து மணி ஆச்சுங்க."

"தெரியும். வை."

"இறங்கி வந்து குடிக்கலாமே."

"கை வேலையா இருக்கு."

"ஓஹோ" என்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த ஓஹோவுக்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

பதினொன்றரைக்குக் குராமோச்சி சைக்கிளில் வந்தார். நின்றார். மரத்தைப் பார்த்தார், வழக்கம்போல வெகுநேரம். நானும் அவர் பார்க்கப் பார்க்க வெட்டினேன். அதிலும் மணிக்கட்டு கனத்தில் இருந்த ஒன்றை, ஒரே மூச்சில். "சிரமமான வேலைங்க, பார்த்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போனார். அவருக்கு வாயடைத்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நகராட்சி ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது, விளக்குமாறுகள் சாப்பிடப் போயின. நான் பெல்ட்டின் வாரை ரம்பத்தாலேயே அறுத்தேன், அசேலியாச் செடிமேல் இறங்கினேன். யாருடைய உதவியும் இல்லாமல், என் சொந்த முயற்சியால். முகவலையை விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் தொங்கிய இடத்திலிருந்து தரை ஒரு முழம்.

மரம் நன்றாக இருக்கிறது. மேற்குப் பக்கம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் முன்பைவிட நல்ல வெளிச்சம். ஆகவே உறவுக்காரர்கள் கேட்டால், அத்தான் தானே ஏறி, தானே வெட்டி, தானே இறங்கினார், குராமோச்சியிடம் அவர் தலை குனிய வேண்டிய அவசியம் இந்த ஜென்மத்தில் இல்லை என்று சொல். சாமான்களை நீ சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ, பெல்ட்டில் ஒரு வார் தவிர எல்லாம் புதுசு.

குளிர் இன்னும் ஏறும், உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். வரும் வருஷம் உங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஸோகிச்சி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் குராமோச்சி வந்தார், அதனால் இதையும் எழுதுகிறேன். மேற்குப் பக்கம் மெலியவில்லை. மேற்குப் பக்கமே இல்லை. வாசலுக்கு மேலே குடை மாதிரி நீண்டிருந்த கிளையைத்தான் அவர் கண்ணெதிரே ஒரே மூச்சில் அறுத்தேன். அதை அந்த இடத்துக்கு வளைத்துக் கொண்டுவர அவருக்குப் பதினான்கு வருஷம் ஆனதாம், உன் அக்கா சொல்கிறாள். அவர் அதைச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி, மரத்தின் வெட்டுவாயில் பூசுகிற மருந்து டப்பாவை என் கையில் கொடுத்து, "ஐயாவுக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, யசுஹிகோ. நீ ஒருமுறை அவருடைய வண்டியை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனாய் அல்லவா? வாசலில் நின்றே குனிந்தாயா, உள்ளே போய்த் தரையில் கை ஊன்றியா? எவ்வளவு நேரம்? இந்த வாரத்துக்குள் ஒரு காலை அவர் வேலைக்குக் கிளம்புமுன் நான் போயாக வேண்டும், உடனே பதில் போடு. தபால் அட்டை வேண்டாம், கவரில் போட்டு ஒட்டி அனுப்பு. உன் அக்கா படித்துவிடுவாள்.