பின்னோக்கி வந்த மாப்பிள்ளை

தன் மோட்டார் காரை அக்குளில் இடுக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஆபீஸ் போன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்.

முழுக் காரை அல்ல; அதை முடுக்கிக் கிளப்புகிற இரும்பு ஹாண்டிலை. அது இல்லாமல் வண்டிக்கு உயிர் வராது என்பதால், திருட்டுப் பயத்தில் அதைக் கூடவே கொண்டு போவார். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் மறித்தார்.

"யே க்யா ஹை?"

"மேரா காடி."

"காடி கிதர்?"

"கர் மே ஸோதா ஹை."

கையில் இருப்பதே தன் வண்டி, அது வீட்டில் தூங்குகிறது என்ற பதிலைக் கேட்ட பிறகு அந்தப் பரிசோதகர் இவர் இருக்கிற பெட்டியில் ஏறுவதில்லை. இவருக்கு 'ஹாண்டில் மாமா' என்று பெயர் வைத்தவன் நான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பைவிட அலட்டல் அதிகம்.

வண்டி முதல் யுத்தத்துக்கும் முந்தியது. பைகுல்லாவில் ஒரு பார்ஸிக்காரரின் கொட்டகையில், கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த நிலையில், மாமா அதைக் கண்டுபிடித்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டெனோகிராபர் உத்தியோகம் போக மிச்சப் பொழுதெல்லாம் அதன் அடியிலேயே கிடந்தார். "மாமா இருக்காரா?" என்று யாராவது வந்தால், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களை மாமி காட்டுவாள். வண்டியின் பித்தளை விளக்குகளைத் தேய்த்தே வீட்டுப் புளி தீர்ந்தது.

"எங்காத்துல ரசம் புளிக்காது. கார்தான் புளிக்கும்" என்பாள் மாமி.

மெத்தையைப் பிரித்து சீட்டுக்குள் திணித்தார். பழைய குடைத் துணிகளைத் தைத்துக் கூரை போட்டார். கடைசியில் வண்டி முதல்முறை உறுமியபோது, ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று பாதிக் கட்டிடம் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

அந்த இரண்டாம் யுத்த காலத்தில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்கு முந்திய மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்து வருகிற ஜானவாசத்தில் சம்பந்தி கண்டிப்பாக இருந்தார். "கார் இல்லேன்னா நாங்க மெட்ராஸ் மெயிலைப் பிடிச்சுத் திரும்பிடுவோம்" என்று முன்பே சொல்லியிருந்தார். பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் இருந்த நாட்கள். பேசி வைத்திருந்த வண்டிக்காரர் ஜானவாசத்தன்று காலை கையை விரித்துவிட்டார். அப்பா என்னைக் கீழ்த்தளத்துக்குத் துரத்தினார்.

நான் இரண்டு கால்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வழியில ஏத்தம் இருக்கோ?" என்றது வண்டியின் அடிவயிறு.

"மாப்பிள்ளை ஜாகை மேற்கே இருக்கு மாமா. தாதர் பாலம் தாண்டணும்."

கால்களுக்குப் பின்னால் மாமாவும் வெளியே வந்தார். "பாலத்துல மட்டும் யாரும் என்னைக் கேள்வி கேக்கப்படாது."

மாமிக்குக் கால் சரியில்லை. அவளை ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு அழைத்துப் போக வைத்திருந்த பெட்ரோல்தான் வண்டியில் இருந்தது. மாமா தயங்கி அவளைப் பார்த்தார். "சமுத்திரம் எங்கேயும் ஓடிடாது. சம்பந்தி ஓடிடுவார். எடுங்கோ வண்டியை!" என்றாள்.

ஊர்வலம் அமோகமாகக் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், நடுவில் காரில் மாப்பிள்ளை, பின்னால் தட்டுகளோடு பெண்கள். பாலத்தின் அடிவாரம் வந்ததும் மாமா வண்டியை அரை வட்டமாகத் திருப்பினார். பிறகு அப்படியே பின்பக்கமாக ஏற்றத் தொடங்கினார். அந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில், என்ஜின் மூக்கில். மூக்கு மேலே தூக்கினால் பெட்ரோல் இறங்காது. ஆகவே எந்த ஏற்றத்தையும் பின்னோக்கியே ஏறும். இது மாமாவுக்குத் தெரியும். நாதஸ்வரக்காரருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தவர், காரின் முதுகு தன்னைத் துரத்தி வருவதைக் கண்டு ஓட ஆரம்பித்தார். கல்யாணியில் தொடங்கியவர் பாதிப் பாலத்தில் என்ன ராகம் வாசித்தார் என்று அவருக்கே தெரியாது.

"நிறுத்து வண்டியை!" என்று சம்பந்தி அலறினார். "என் பிள்ளை கல்யாணத்துக்குப் பின்னாடி பின்னாடியா போறதா? அபசகுனம்! இப்பவே மெயிலுக்குப் போறோம். யார்டா இந்த டிரைவர்?"

கேள்வி, காரை ஒட்டி நடந்த என்னைப் பார்த்து வந்தது. மாமா கையெட்டும் தூரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"தெரியாது. ஏதோ வாடகை வண்டி" என்றேன்.

சொல்லிவிட்டேன். மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பர் ஹாரனை ஒருதரம் அமுக்கிவிட்டுச் சொன்னார்: "ஆமாம் ஓய், வாடகை வண்டிதான். தப்பு டிரைவருது. ஆனா இங்கே நிறுத்தினா கிளம்பாது. பாலத்து மேலேயே மணையைப் போட்டுக்க வேண்டியதுதான்."

நல்லவேளை, மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "சும்மா இருங்கோப்பா. இத்தனை நாழி நாதஸ்வரக்காரர் முதுகைத்தான் பார்த்துண்டு வந்தேன். இப்போதான் எல்லார் மூஞ்சியும் தெரியறது. அம்மா சிரிக்கறதைப் பாருங்கோ!"

உண்மைதான். எந்த ஜானவாசத்திலும் மாப்பிள்ளையின் பிடரியை மட்டுமே பார்த்துப் பழகிய பெண்கள், முழு முகத்தையும் பார்த்த சந்தோஷத்தில் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி அம்மாள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். அவள் சிரித்த பிறகு சம்பந்தியால் எந்த ரயிலையும் பிடிக்க முடியவில்லை.

அன்று இரவு மாமா சாப்பிட உள்ளே வரவில்லை. கூப்பிடப் போனேன். "வாடகை வண்டிக்காரனுக்குப் பந்தியில என்னடா வேலை?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த கூப்பன் வந்த ஞாயிறு எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாமா. பிராணன் போனாலும் பிறத்தியார் கையில் தராத அந்த ஹாண்டிலை என்னிடம் நீட்டினார்.

"வாடகை வண்டிக்கு ஒரு கிளீனர் வேணும். வரியா? கட்டைவிரலை மடக்காமப் பிடி. ஹாண்டில் எதிர்த்து அடிச்சா எலும்பு போயிடும்."

கீழே மாமி ஏற்கனவே சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் முடுக்கினேன். அவர்கள் பம்பாயை விட்டுப் போகும்வரை நான்தான் முடுக்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த போதெல்லாம், "விரல், விரல்!" என்று கத்தி மாமா என்னைப் பேசவிட்டதில்லை.

இப்போது என் பிள்ளை ஓட்டும் காருக்கு ஹாண்டில் கிடையாது. எந்தப் பாலத்தையும் அது முன்னோக்கியே ஏறுகிறது. ஆனாலும் ஏற்றம் வந்தால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது: பின்னால் எங்காவது ஒரு பழைய வண்டி, முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி வருகிறதா என்று.