லாசருக்குத் தொண்டை கட்டிய கதை

பன்னிரண்டு கிறிஸ்துமஸ் பொறுத்தாயிற்று. இந்த வருஷம் கோயில் வீடியோவில் தனிப்பாட்டு தன் குரலில்தான் என்று லாசர் முடிவு கட்டிவிட்டார். இத்தனை வருஷமும் மனைவி பாக்கியமேரி பாடினாள், அவர் கீபோர்டு வாசித்தார். பசுமலை ஊரே அவளைப் பாராட்டிவிட்டு அவரைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது. மனுஷனுக்கு வலிக்காதா?

ஃபாதர் பாட்டை ஆறு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். லாசர் லேப்டாப்பில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ஏற்றி, கீபோர்டைச் செருகி, கம்பீரமாக ஒரு கட்டையை அழுத்தினார். சத்தமே இல்லை. ஆடியோ செட்டிங்ஸ், கீபோர்டை லேப்டாப்போடு பேசவைக்கும் மிடி செட்டிங்ஸ் என்று கண்ட கதவையெல்லாம் தட்டினார். கீபோர்டு வாயைத் திறக்கவில்லை.

"அந்த மிடி இன்புட்டுல டிக் விழலையேங்க," என்றாள் டீ கொண்டுவந்த பாக்கியமேரி.

"நீ அடுப்பைப் பாரு. இது வயர் கோளாறு. டவுன்ஹால் ரோடு வரைக்கும் போய்ட்டு வாரேன்."

புது வயரோடு திரும்பினால், பழைய வயரிலேயே கீபோர்டு கணீரென்று ஒலித்தது.

"என்னத்தப் பண்ணுன?"

"தூசி தட்டுனேன்."

"பாத்தியா! எனக்கு அப்பவே தெரியும்."

ஒத்திகையில் பழகிய அதே கட்டைகளில் வாசித்தபடி பாட ஆரம்பித்தார். பல்லவி எப்படியோ தப்பியது. சரணத்தில் ஏறும்போது குரல் கிழிந்தது. சுருதி ஏற்றும் பொத்தானில் கை பட்டுவிட்டதோ என்று கீபோர்டைப் பார்த்தார். சைபரில்தான் இருந்தது. மூன்று தடவை பாடினார். மூன்று தடவையும் பக்கத்து வீட்டு நாய் கூடப் பாடியது.

"காலையிலருந்தே உங்களுக்குத் தொண்டை கட்டுனாப்லதான் இருந்துச்சு. தூதுவளை ரசம் வைக்கவா?"

மணி ஐந்தே முக்கால். லாசருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, நீயே பாடித் தொலை!"

ஒரே மூச்சில் பாடி முடித்தாள். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி சுருதி அவளுக்குப் பொருந்தியது. பாட்டை ஃபாதருக்கு அனுப்பிவிட்டு, லாசர் ரசத்தை ஊதி ஊதிக் குடித்தார். இம்புட்டு நல்ல பெண்டாட்டி எவனுக்கு வாய்க்கும் என்றுகூட நெகிழ்ந்தார்.

"என்னங்க, நான் தூசி தட்டுனப்ப லேப்டாப்பு மிடி செட்டிங்ஸ்ல சுருதி நாலு ஏறிருச்சு போல. அதைச் சைபருக்கு எறக்கி வச்சுக்கங்க, தொண்டை தன்னால சரியாப் போயிரும்."