சாவிக்காரர் தேடுபொறியோடு பொருத கதை

வணங்குமின் உலகீரே! திறவாக் கதவம் திறக்கும் திறலோன், தொலைந்த சாவிகளின் துயர்துடைப்போன், வளைகம்பி ஏந்திய வலக்கையன், எங்கள் தெருமுனைச் சாவிக்காரர் தேடுபொறி என்னும் பெரும்பகையொடு பொருத வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

பக்கத்துத் தெருவுக்குக் கடைமாற்றிய காலை, 'கடை மூடப்பட்டுள்ளது' எனத் தம் இணையப் பக்கத்தில் அறிவித்திருந்தார் வீரர். புதுக்கடை திறந்ததும், அப்பக்கத்தை ஆக்கிய கணினிப்புலவனாகிய மனைவியின் தம்பி அவ்வாசகம் அழித்து, 'திறந்துள்ளது, வருக' எனப் பொறித்தான். ஆயினும் அந்தோ, ஊரார் கைப்பேசியில் தேடுந்தோறும் 'மூடப்பட்டுள்ளது' என்னும் பழைய வாசகமே முன்வந்து நின்றது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களெல்லாம் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். நம் வீரர் திறந்த கடையில் ஈ ஓட்டினார். இப்படியே போனால் கடையை நிஜமாகவே மூட வேண்டியதுதான்.

சினந்தெழுந்தது சிங்கம். சுட்டுவிரலே வேலாக, கணினித்திரையே களமாக, 'புதுப்பி' என்னும் பொத்தானைக் காலைமுதல் மாலைவரை குத்திக் குத்தி, அக்குத்து தம் திரையை மட்டுமே புதுக்கும், தேடுபொறியின் மயிரிழையையும் அசைக்காது என்பதறியாது, விரல்நகம் தேயப் போர்புரிந்தார். போர் அவருக்கும் பொத்தானுக்கும்தான் நடந்தது.

"அமுக்குனா மட்டும் மாறிடுமா? தம்பியக் கேளுங்க," என்றாள் மனைவி.

தம்பி வந்தான். "மாமா, அது நேரா நம்ம பக்கத்தப் பாத்துச் சொல்றதில்ல. எப்பவோ படிச்சு எடுத்துட்டுப் போன நகலப் பாத்துச் சொல்லுது. திரும்ப வந்து படிச்சாத்தான் மாறும்."

"எப்ப வரும்?"

"அதுக்குத் தோணுறப்ப."

"வரட்டும். நான் பாக்காத பூட்டா? காத்திருக்கேன்," எனச் சூளுரைத்தார் வீரர்.

காத்திருந்தார். தேடுபொறியின் தூதனோ வராமலில்லை. இணையமெங்கும் ஓயாது ஊர்ந்து பக்கந்தோறும் படித்துச் செல்லும் அப்பண்பாளன் பலமுறை வந்தான். வாயிலில் ஓர் அறிவிப்பைக் கண்டான். மறுசொல் பேசாது திரும்பினான். பக்கத்துக்கு வந்துபோனோரைக் குறிக்கும் வருகைப்பதிவைத் திறந்து பார்த்த தம்பியின் முகம் செத்துப்போயிற்று.

"புதுக்கடைக்காகப் பக்கத்த மாத்துறப்ப, அரைகுறையா இருக்கறத யாரும் பாக்க வேணாமேன்னு, தேடுபொறி உள்ள வரக்கூடாதுன்னு ஒரு தடை போட்டு வச்சேன் மாமா. எடுக்க மறந்துட்டேன்."

"ஊர்ப் பூட்டையெல்லாம் தொறக்குறவருக்கே பூட்டுப் போட்டுட்டியேடா," என்றாள் அக்காள். அழுகை வரும்போல இருந்தது வீரருக்கு.

தடை நீங்கியது. தூதன் வந்தான், நுழைந்தான், படித்தான். ஒரு நண்பகலில், முரசமும் சங்கமும் முழங்காக் குறையொன்றே குறையாக, 'திறந்துள்ளது, வருக' என்னும் வாசகம் தேடுவோர் கைதோறும் ஒளிர்ந்தது. கண்ட வீரர் விம்மிதங்கொண்டு, கடையின் இரும்புக்கதவை இழுத்துவிட்டு, வெற்றிச்செய்தியை மனைவிக்குத் தம் வாயாலேயே உரைக்க விரைந்து, உரைத்து, வயிறார உண்டு, உண்ட களைப்பில் கண்ணயர்ந்தார்.

அவ்வாசகத்தை நம்பி, பூட்டிக்கொண்ட வீட்டைப் பின்னேவிட்டு முதல் வாடிக்கையாளர் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். கடை மூடியிருந்தது.