பத்தாயிரம் வருஷத்து அங்கிள்

டெக்சாஸ் மாநிலம் ஆலன் ஊரில் அடுத்த வாரத்தைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத ஒரே மனிதர் பத்தாயிரம் அங்கிள்தான். அவருடைய கவலையெல்லாம், பத்தாயிரம் வருஷம் கழித்து எங்கோ ஒரு பொட்டல்காட்டில் எவனாவது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குழி தோண்ட வருவானே, அவனைப் பற்றி.

உடுமலைப்பேட்டைக்காரர். படிக்க வந்து, அமெரிக்க அரசாங்கத்தில் சேர்ந்து, அணுமின் நிலையங்களை ஆய்வு செய்து, கடைசியில் அணுக்கழிவை எங்கே, எப்படிப் புதைப்பது என்று கொள்கை எழுதும் நாற்காலிக்கு வந்திருந்தார். புதைத்த இடத்துக்குப் பத்தாயிரம் வருஷம் காவல் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அங்கிள் உடம்பை ஆலனில் விட்டுவிட்டு, மனசை அந்தக் காலத்துக்கே குடியேற்றிவிட்டார்.

ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பொங்கல் பாட்லக்கில் குழந்தைகளுக்கெல்லாம் பேப்பரும் கிரேயானும் கொடுத்தார். "இங்க தோண்டாதேன்னு ஒரு படம் போடுங்க கண்ணுகளா. எழுத்து கூடாது. அப்ப என்ன பாஷை பேசுவாங்கன்னு நமக்குத் தெரியாதுங்களே."

என் மகள் மண்டையோடு வரைந்தாள். சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்த அங்கிள் அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்துப் பெருமூச்சு விட்டார். "இதப் பாத்தா புதையல்னு நெனச்சு நல்லாத் தோண்டுவானுங்களே!"

"தென் டோன்ட் பரி இட், அங்கிள். புதைக்காதீங்க," என்றாள் அவள்.

அங்கிள் சாம்பார் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். சாப்பாட்டு வரிசை வாசல்வரை நீண்டது. அவர் மனைவி சரோஜா ஆன்ட்டி வந்துதான் கரண்டியைப் பிடுங்கினார். "இவரு திரும்பி வர லேட்டாகும். நீங்க சாப்பிடுங்க."

டெலிகாம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த 2002இல் என் வேலையும் போனது. அதே சமயம் அங்கிளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் கழிவுக் கிடங்கு கட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். "சும்மாதானுங்களே இருக்கீங்க, டிரைவ் பண்ணுங்க தம்பி," என்று என்னைக் கூட்டிப் போனார்.

ஆறு மணி நேரம். ஃபோர்ட் வொர்த் தாண்டியதும் மரங்கள் குறைந்து, அப்புறம் வீடுகள் குறைந்து, கடைசியில் வானம் மட்டும்தான் மிஞ்சியது. எண்ணெய்க் கிணறுகளின் பம்புகள் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தன.

"இது ஒரு காலத்துல கடலுங்க," என்றார் அங்கிள், ஜன்னலைப் பார்த்தபடி. "நாம இப்ப மீனுக்கு நடுவுல போயிட்டிருக்கோம்."

நான் என்னையறியாமல் வேகத்தைக் குறைத்தேன்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். இது நல்லபடி முடிந்தால் அங்கிளுக்கு டைரக்டர் பதவி என்று பேச்சு. கிடங்கு பாதுகாப்பானது என்று சொன்னால் போதும். மேலதிகாரி பதிலை டைப் அடித்தே கையில் கொடுத்திருந்தார். மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுந்து, இந்த ஊர்த் தண்ணீருக்கு என்றைக்கும் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்வீர்களா என்று கேட்டார்.

அங்கிள் காகிதத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். நான் பயந்துபோனேன், மனுஷன் மறுபடி கிளம்பிவிட்டார் என்று. பிறகு மைக்கைப் பிடித்து, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: "முன்னூறு வருஷத்துக்கு என் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எனக்கு இருப்பது நம்பிக்கை மட்டும்தான். நம்பிக்கையைச் சத்தியம் என்று உங்களிடம் சொல்லமாட்டேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த மேலதிகாரியின் காது சிவந்தது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணி ஒரு காகிதத் தட்டில், வீட்டில் சுட்ட ஆப்பிள் பை கொண்டுவந்து நீட்டினார். அங்கிள் மூன்று துண்டு சாப்பிட்டார்.

திரும்பும்போது பாதி வழியில் சொன்னார்: "டைரக்டர் போஸ்ட் போயிருச்சுங்க தம்பி."

"வருத்தமா இருக்கா அங்கிள்?"

"இருக்காதுங்களா? சரோஜாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பாத்துட்டு வர்றேன்." கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது துண்டு சாப்பிட்டிருக்கக் கூடாதுங்க," என்றார்.

அடுத்த மாதமே அவரை ஃபிரிட்ஜுகளின் மின்சாரச் சிக்கனத்தைக் கவனிக்கும் பிரிவுக்குத் தள்ளினார்கள். அது தண்டனை என்பது அங்கிளுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் நேராகச் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தார். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போச்சு என்று அர்த்தமாம். "முப்பது வருஷத்துல என் முகத்தை இவ்ளோ உத்துப் பாத்ததில்ல இந்த மனுஷன்," என்றார் ஆன்ட்டி.

மறு வருஷம் எனக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. கிளம்பிய காலையில் அங்கிள் வந்து, கார் கூரைமேல் மெத்தையைத் தன் கையால் கட்டினார். நாங்கள் புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் கண்ணாடியில் கவனித்தேன்: பின்னாலேயே அவர் கார். செல்லில் கூப்பிட்டேன்.

"கயிறு அவுந்துருமோன்னு பாத்துட்டு வர்றேனுங்க. நீங்க போங்க தம்பி."

கயிறு கல் மாதிரி இருந்தது. நெடுஞ்சாலையில் ஒவ்வொரு எக்ஸிட் வரும்போதும், இதில் அவர் திரும்பிவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.